ஹோவர் ஈ மலர்க் கலவை: ஓராண்டு விதைத்துப் பார்த்த பின் ஒரு மதிப்பீடு

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், உள்ளாட்சி மன்றத்திடம் ஆண்டு வாடகைக்கு எடுத்த ஒரு துண்டு நிலத்தில் எட்டு ஆண்டுகளாகக் காய்கறி போட்டு வருகிறேன். இத்தகைய நிலத்தை இங்கே அலாட்மென்ட் என்பார்கள். மே மாதக் கடைசியில் அங்கே தவறாமல் வந்து சேரும் தொல்லை, பிராட் பீன்ஸ் செடியின் கொழுந்தில் கறுப்பாக அப்பிக்கொள்ளும் அசுவினி. ஊரில் அவரைக் கொடியிலும் தட்டைப்பயற்றிலும் அசுவினி அடைந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. ஒரு சாண் தண்டில் பொட்டுப் பச்சைகூடத் தெரியாது. மருந்து தெளிப்பதில்லை என்று முதல் ஆண்டிலேயே முடிவு செய்திருந்தேன். ஆகவே, சென்ற ஆண்டு பிப்ரவரியில் ஒரு தோட்டக்கடையில் 'ஹோவர் ஈக்களை வரவழைக்கும் மலர்க் கலவை' என்று அச்சிட்ட விதைப் பொட்டலத்தைக் கண்டதும், யோசிக்காமல் வாங்கிவிட்டேன். ஹோவர் ஈ என்பது குளவி போலத் தோன்றும், பூவின் முன் அந்தரத்தில் நின்று பறக்கும் ஒரு ஈ; அசுவினியைக் குறைக்க உதவுவதால் தோட்டக்காரர்கள் அதை வரவேற்பார்கள். பொட்டலத்தின் எடை 20 கிராம். 5 சதுர மீட்டருக்குப் போதும் என்று போட்டிருந்தார்கள். விலை 4 பவுண்டு 50 பென்ஸ்.

விதைப் பொட்டலங்களைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் முளைத்ததா, பூத்ததா என்ற இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகின்றன. இந்தப் பொட்டலம் விற்பது பூவை மட்டுமன்று. ஒரு பூச்சியின் வருகையையும் அந்தப் பூச்சி செய்யும் வேலையையும் சேர்த்தே விற்கிறது. ஆகவே அந்தப் பூச்சியின் வாழ்க்கைக்கு இது எவ்வளவு பொருந்துகிறது என்பதை வைத்துத்தான் இதை அளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. விதைத்த ஏப்ரல் முதல் இந்த ஆண்டு மே வரை, வாரத்தில் மூன்று நான்கு நாள்கள் அந்தப் பாத்தியின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்ததைக் கொண்டு இதை எழுதுகிறேன்.

முதல் குறை பொட்டலத்தின் முகப்பிலேயே இருக்கிறது. மஞ்சள் பூவின் மேல் ஒரு பூச்சி அமர்ந்திருக்கும் அழகான வண்ணப்படத்துக்குக் கீழே 'ஹோவர் ஈ' என்று எழுதியிருக்கிறார்கள். படத்தில் இருப்பது தேனீ. முழங்கை போல் மடிந்த நீளமான உணர்கொம்புகள், பின்காலில் உருண்டையாகச் சேர்த்து வைத்த மகரந்தம், உடலெங்கும் மயிர் ஆகிய மூன்றும் தெளிவாகத் தெரிகின்றன. ஹோவர் ஈயின் உணர்கொம்பு கண்ணுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு குச்சம், அவ்வளவுதான். அது ஈ இனத்தைச் சேர்ந்ததாகையால் அதற்கு இறக்கை ஒரு இணைதான். தேனீக்கும் குளவிக்கும் இரண்டு இணைகள் உண்டு. மகரந்தத்தைக் காலில் கட்டி எடுத்துச் செல்லும் வழக்கமும் அதற்கு இல்லை, ஏனெனில் எடுத்துச் செல்வதற்கு அதற்குக் கூடு கிடையாது. கண்ட இடத்திலேயே தின்று முடித்துவிடும். எந்தப் பூச்சிக்காக வாங்குகிறோமோ அந்தப் பூச்சியையே தவறாகக் காட்டினால், வாங்கியவர் தோட்டத்தில் எதைத் தேடுவார்? உண்மையான ஹோவர் ஈயைக் குளவி என்று நினைத்து அடித்துவிடும் வாய்ப்புதான் கூடும். கடைக்கு மின்னஞ்சல் எழுதினேன். இரண்டு வாரம் கழித்து, நன்றி தெரிவித்தும் உரியவர்களிடம் சொல்வதாகவும் பதில் வந்தது. இந்த ஆண்டும் அதே படத்தோடுதான் பொட்டலம் அலமாரியில் இருக்கிறது.

என் பாத்திக்கு வந்த ஹோவர் ஈக்களில் மிகப் பெரும்பான்மை ஒரே இனம். ஆங்கிலத்தில் அதை மார்மலேட் ஹோவர் ஈ என்பார்கள். அறிவியல் பெயர் எபிசிர்ஃபஸ் பால்டியேட்டஸ். 1776இல் சுவீடன் நாட்டு இயற்கையாளர் டி கீர் பெயரிட்ட இனம் இது. பால்டியேட்டஸ் என்ற இலத்தீன் சொல்லுக்குக் கச்சை கட்டியது என்று பொருள்; பிரெஞ்சுக்காரர்களும் கச்சை கட்டிய ஈ என்றே அழைக்கிறார்கள். நம் வேளாண் துறையினர் இந்தக் குடும்பத்தைச் சிர்பிட் ஈ என்று எழுதுவது வழக்கம். பிரிட்டனில் இக்குடும்பத்தில் 280க்கும் மேற்பட்ட இனங்கள் பதிவாகியுள்ளன. அவற்றைப் பிரித்தறிய நுண்ணோக்கியே தேவைப்படும் நிலைமை பல இனங்களில் உண்டு. ஆனால் மார்மலேட் ஹோவர் ஈயை வெறும் கண்ணாலேயே அடையாளம் கண்டுவிடலாம். ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள தட்டையான வயிற்றில், ஆரஞ்சு நிறத்தின் மேல், மூன்றாம், நான்காம் வளையங்களில் ஒரு தடித்த கறுப்புப் பட்டையும் அதற்கு மேலே மெல்லிய இன்னொரு கறுப்புக் கோடும் இருக்கும். அந்த மெல்லிய கோடு நடுவில் அறுந்தாற்போல் மெலிந்து, இருபுறமும் முறுக்கிய மீசை போலவே தெரியும். டச்சு மொழியில் இதற்கு மீசை ஹோவர் ஈ என்று பெயர் வைத்தவர் யாரோ, நன்றாகப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்.

நிறத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இது முதலில் என்னைக் குழப்பியது. ஏப்ரலில் வந்தவை கறுத்திருந்தன. ஜூலையில் வந்தவை பழுத்த ஆரஞ்சாக இருந்தன. இரண்டும் வேறு வேறு இனம் என்றே குறித்து வைத்திருந்தேன். கூட்டுப்புழுப் பருவத்தில் இருக்கும்போது குளிராக இருந்தால் வெளிவரும் ஈயில் கறுப்பு மிகுதியாகும். வெப்பமாக இருந்தால் ஆரஞ்சு பரவும். கறுத்த உடல் வெயிலை விரைவில் ஈர்த்துச் சூடேறும் என்பதால், குளிர்காலத்தை ஒட்டிப் பறக்க வேண்டியவற்றுக்கு அது உதவியாக இருக்கிறது. ஆண், பெண் வேறுபாடு காண்பது எளிது: ஆணுக்கு இரு பெரிய கண்களும் உச்சந்தலையில் ஒட்டிக்கொண்டிருக்கும்; பெண்ணுக்கு இடையில் ஒரு பட்டை இடைவெளி இருக்கும். குளவியின் வேடம் போட்டிருந்தாலும் கொட்டுவதற்கு இதனிடம் கொடுக்கு இல்லை. வெயிலில் மண் கொத்திக்கொண்டிருந்தபோது என் புறங்கையில் வந்தமர்ந்து வியர்வையை ஒற்றி ஒற்றிக் குடித்த ஒன்றை, அசையாமல் நின்று இரண்டு நிமிடம் பார்த்தேன். இறக்கையின் நடுவே, எந்த நரம்போடும் சேராமல் ஒரு மடிப்புக் கோடு தனியாக ஓடுவது அப்போது தெரிந்தது. அதைப் பொய் நரம்பு என்கிறார்கள். ஹோவர் ஈக் குடும்பத்துக்குரிய முத்திரை அது.

இனி விதைக்கு வருகிறேன். பொட்டலத்தின் பின்பக்கத்தில் ஏழு செடிகளின் பெயர் இருந்தது: ஃபசீலியா, பக்வீட், கொத்தமல்லி, சதகுப்பை, நீலநிறக் கார்ன்ஃப்ளவர், வயல் சாமந்தி, சிவப்புப் பாப்பி. தேர்வு நல்ல தேர்வு என்பதை மனமாரச் சொல்கிறேன். மார்மலேட் ஹோவர் ஈயின் வாய் குட்டையானது. ஆழமான குழல் பூக்களில் அதற்கு எதுவும் எட்டாது. குடை விரித்தாற்போல் பூக்கும் கொத்தமல்லியும் சதகுப்பையும், தட்டு போல் விரியும் சாமந்தியும், வெளிப்படையாகத் தேன் சுரக்கும் பக்வீட்டும் அதற்கு இலை போட்டுப் பரிமாறியது போலத்தான். ஃபசீலியா கலிபோர்னியாவைச் சேர்ந்தது. மகரந்தம் தாங்கும் அதன் கேசரங்கள் பூவைவிட நீண்டு வெளியே நிற்பதால், உள்ளே நுழையாமலே மகரந்தத்தை எடுத்துக்கொள்ளலாம். அதன் மகரந்தம் நீல நிறம். ஃபசீலியா நட்ட வரப்பிலிருந்து ஹோவர் ஈக்கள் எவ்வளவு தூரம் போகின்றன என்று அறிய விரும்பிய ஆய்வாளர்கள், தொலைவில் பிடித்த ஈக்களின் குடலில் அந்த மகரந்தம் இருக்கிறதா என்று பார்ப்பதுண்டு. மலிவான பொட்டலங்கள் பலவற்றில் காணும் அடுக்கிதழ்ப் பூக்கள் இதில் இல்லை. அவை கண்ணுக்கு அழகாக இருந்தாலும் இதழ் பெருத்து மகரந்தம் அற்றுப்போனவை.

குறை விதையில் இல்லை, விதைக்கச் சொன்ன காலத்தில் இருக்கிறது. 'மார்ச் முதல் மே வரை தூவலாம்' என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள். ஏழு செடிகளும் ஒரே இயல்புடையவை அல்ல. பக்வீட் பனியைச் சற்றும் தாங்காது. நான் ஏப்ரல் 12 அன்று தூவினேன். பத்தாவது நாள் பக்வீட் இரட்டை இலையோடு எழுந்து நின்றது. மே முதல் வாரத்தில் ஒரே இரவு உறைபனி விழுந்து, மறுநாள் காலையில் அத்தனையும் வெந்த கீரை போலத் தலை தொங்கிக் கிடந்தன. கார்ன்ஃப்ளவரும் பாப்பியும் அந்தப் பனியைப் பொருட்படுத்தவே இல்லை. சதகுப்பையை நத்தைகள் தின்று தீர்த்தன. அது கடையின் குற்றம் அன்று. கடைசியில் ஏழில் ஐந்து பூத்தன. முளைப்புத் திறனைப் பொறுத்தவரை எனக்கு மனநிறைவுதான். களிமண் பாங்கான என் நிலத்தில், மணலோடு கலந்து தூவி மேலாகச் சீவிவிட்டதற்கு, பாத்தி எங்கும் சொட்டையில்லாமல் வந்தது.

ஃபசீலியா ஜூன் 9 அன்று முதல் பூ விட்டது. அடுத்த மூன்று வாரங்களில் கொத்தமல்லியும் சாமந்தியும் சேர்ந்துகொண்டன. ஜூலை நடுப்பகுதியில், காற்றில்லாத ஒரு காலையில், ஐந்து சதுர மீட்டருக்குள் முப்பத்தாறு மார்மலேட் ஹோவர் ஈக்களை ஒரே நேரத்தில் எண்ணினேன். கொத்தமல்லிப் பூவின் மேல் ஒரு பெண் ஈ அமர்ந்து, முன்னங்கால்களால் கேசரத்தைப் பற்றிக்கொண்டு, வாயின் நுனியிலுள்ள பஞ்சு போன்ற திண்டால் மகரந்தத்தை ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தது. அவ்வப்போது இரு முன்னங்கால்களையும் ஒன்றோடொன்று தேய்த்து, ஒட்டிய துகளையும் விடாமல் தின்றது. பெண்ணுக்கு இந்த மகரந்தம் இல்லாமல் முட்டை முதிராது. பறப்பதற்குத் தேன் போதும். முட்டைக்குப் புரதம் வேண்டும். நன்கு உண்ட ஒரு பெண் தன் வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகள் இடக்கூடும். பூவைத் தேடி வருபவற்றைப் பூ வைத்து அழைக்கலாம் என்ற அளவில், பொட்டலம் சொன்னதைச் செய்தது.

ஆனால் பொட்டலத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது: 'உங்கள் காய்கறிகளிலிருந்து அசுவினியை அகற்றும்.' இங்கேதான் இந்தப் பொருள் அரைக்கிணறு தாண்டி நிற்கிறது.

அசுவினியைத் தின்பது ஈ அன்று, அதன் புழு. வளர்ந்த ஈ பூவிலேயே காலத்தைக் கழிக்கும். அதன் பிள்ளைகளோ பூவின் பக்கமே போவதில்லை. தாய் ஈ மகரந்தம் உண்ட பின், அசுவினிக் கூட்டத்தின் மணத்தையும் அது கழிக்கும் இனிப்புக் கசிவின் மணத்தையும் மோப்பம் பிடித்துச் சென்று, கூட்டத்தின் அருகில் ஒவ்வொன்றாக முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். இனி இதற்குக் காலக்கணக்கைப் போட்டுப் பாருங்கள். கறுப்பு அசுவினி என் பீன்ஸ் செடியில் தென்பட்டது மே 21 அன்று. ஏப்ரலில் தூவிய பாத்தியில் முதல் பூ விட்டது ஜூன் 9 அன்று. இடைப்பட்ட அந்த மூன்று வாரத்தில்தான் அசுவினி ஒன்று பத்தாக, பத்து நூறாகப் பெருகியது; இறக்கையற்ற பெண்கள் ஆண் துணையின்றியே குட்டி போட்டுக்கொண்டிருக்கும் பருவம் அது. ஜூலையில் முப்பத்தாறு ஈக்கள் கூடியபோது என் பிராட் பீன்ஸ் அறுவடையே முடிந்திருந்தது. பூ நன்றாகவே இருந்தது. வேண்டிய நேரத்தில் இல்லை. பொட்டலத்தில் 'பாதியைச் செப்டம்பரில் தூவுங்கள்' என்ற ஒரு வரி சேர்த்திருந்தால் இந்தக் குறையே இருந்திருக்காது. விதை விற்பவர்களுக்கு இது தெரியாத செய்தி அன்று. கார்ன்ஃப்ளவரும் பாப்பியும் வயல் களைகளாக இருந்த காலத்தில், இலையுதிர்காலத்தில் முளைத்துக் குளிரில் ஒடுங்கிக் கிடந்து மே மாதத்தில் பூத்த செடிகள்தாமே!

ஜூன் இறுதியில் சில செடிகளில் புழுக்களைக் கண்டேன். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் இந்தப் புழுவைத் தெரியாமல் நசுக்கிவிட்டவர்கள் எங்கள் நிலத்திலேயே பலர் உண்டு. முட்டை ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் அரிசிக் குருணை போல் வெண்மையாக, இலையில் படுத்தாற்போல் ஒட்டியிருக்கும். இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். புழுவுக்குக் கால் இல்லை, கண் இல்லை, தலை என்று சொல்லத்தக்க உருண்டையும் இல்லை. பின்பக்கம் அகன்று முன்பக்கம் கூர்ந்த, கண்ணாடி போன்ற ஒரு சிறு அட்டை. தோலுக்கு உள்ளே வெள்ளையும் மஞ்சளுமான கொழுப்பு மணிகள் தெரியும்; நடுவில் ஒரு குழாய் துடித்துக்கொண்டிருப்பதும் தெரியும். பகலில் பெரும்பாலும் இலைக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கும். இரவு பத்து மணிக்கு டார்ச் விளக்கோடு போய்ப் பார்த்தேன். புழு பின்பக்கத்தைத் தண்டில் ஊன்றிக்கொண்டு, முன்பக்கத்தை யானைத் துதிக்கை போல் இடமும் வலமும் வீசித் துழாவியது. அசுவினி ஒன்றின் மேல் பட்டதும் அதைக் கவ்வி, தண்டிலிருந்து பெயர்த்து, அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு உறிஞ்சியது. கறுத்திருந்த அசுவினி சில நிமிடங்களில் வெறும் தோலாகச் சுருங்க, அதை உதறிவிட்டு அடுத்ததைத் துழாவத் தொடங்கியது. தண்டின் ஒரு பக்கம் எறும்புகள் தங்கள் இனிப்புக்காக அசுவினியைக் காவல் காத்துக்கொண்டிருந்தன. அந்தப் பக்கத்தில் புழு ஒன்றும் இல்லை. எட்டுப் பத்து நாள் நீளும் இந்தப் பருவத்தில் ஒரு புழு சில நூறு அசுவினிகளைத் தின்றுவிடும். அத்தனை நாளும் கழிவை வெளியேற்றாமல் உள்ளேயே சேர்த்து வைத்திருந்து, கூடாக மாறுவதற்குச் சற்று முன் தார் போன்ற ஒரு கறுப்புச் சொட்டாக விட்டுவிடும். இலையில் அந்தக் கறையைக் கண்டால், அருகில் எங்கேயோ கூடு இருக்கிறது என்று பொருள்.

கூடு கண்ணீர்த்துளி வடிவில், வைக்கோல் நிறத்தில் இலையில் ஒட்டியிருக்கும். நான் நான்கு கூடுகளை இலையோடு எடுத்து, மெல்லிய துணி கட்டிய கண்ணாடிக் குவளையில் வைத்தேன். ஒன்பதாம் நாள் முதல் மூன்றிலிருந்து ஈக்கள் வந்தன. கூட்டின் தடித்த முனை மூடி போல் திறந்திருந்தது. இறக்கை விரிந்து உலரும்வரை வெளுத்திருந்த வயிற்றில், மீசைக் கோடுகள் ஒரு மணி நேரத்தில் மெல்ல மெல்லக் கறுத்து வந்ததைப் பார்த்தபடி வேலைக்குத் தாமதமாகப் போனேன். நான்காவது கூட்டில் மூடி திறக்கவில்லை. பக்கவாட்டில் ஒரு துளை விழுந்து, செந்நிறக் கால்களுடைய மெல்லிய குளவி ஒன்று வெளியே வந்து நின்றது. ஹோவர் ஈயின் முட்டையிலோ இளம் புழுவிலோ தன் முட்டையைச் செலுத்தி, அது அசுவினி தின்று கொழுத்துக் கூடு கட்டும்வரை காத்திருந்து, பிறகு உள்ளிருந்தே அதைத் தின்று வளரும் குளவி அது. டிப்ளசான் என்னும் பேரினத்துக் குளவிகளின் பிழைப்பே ஹோவர் ஈக்களை நம்பித்தான் இருக்கிறது. எனக்கு முதலில் வருத்தமாக இருந்தது. பிறகு அந்தக் குளவியையும் அதே பாத்தியில் கொண்டுபோய் விட்டேன்.

ஆகவே, பொட்டலத்தின் பின்பக்கத்தை எழுதுபவர் என்னிடம் கேட்டால், மூன்று செய்திகளை அவசியம் சேர்க்கச் சொல்வேன். புழுவின் படம் வேண்டும். தேனீயின் படம் வேண்டாம். அசுவினியை ஓரளவு விட்டுவைக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும், ஏனெனில் முதல் நாளே சோப்புத் தண்ணீர் அடித்துத் துடைத்துவிட்ட செடியில் தாய் ஈ முட்டையிட எதுவும் இல்லை. நான் வேலி ஓரத்து நெட்டில் செடிகளில் உள்ள அசுவினியைத் தொடுவதே இல்லை. அறுவடை முடிந்த தண்டுகளை உடனே பிடுங்கி எரிக்கக் கூடாது என்றும் சொல்ல வேண்டும். கூடுகள் அவற்றில்தான் இருக்கின்றன.

'ஒரு முறை விதைத்தால் உங்கள் ஹோவர் ஈக்கள் ஆண்டுதோறும் உங்களோடு' என்ற விளம்பர வாசகத்தையும் அப்படியே ஏற்க முடியவில்லை. இவை யாருடைய தோட்டத்துக்கும் சொந்தமானவை அல்ல. இந்த இனத்தின் ஒரு பகுதி இங்கேயே குளிரைக் கழிக்கிறது. கருவுற்ற பெண்கள் ஐவி கொடியின் அடர்த்தியில் ஒடுங்கியிருந்து, வெயில் அடிக்கும் குளிர்கால நாளில்கூட வெளியே வருவதுண்டு. பெரும்பகுதியோ இலையுதிர்காலத்தில் தெற்கே போய், வசந்தத்தில் அவற்றின் பின்தலைமுறை வடக்கே வருகிறது. ஹார்ப்பெண்டனில் உள்ள ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தின் மேல்நோக்கும் ராடார்களைக் கொண்டு பத்தாண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, மார்மலேட் ஹோவர் ஈயும் அதன் உறவினமான இன்னொன்றும் சேர்ந்து ஆண்டுக்கு 100 கோடி முதல் 400 கோடி வரை தென் பிரிட்டனின் வானத்தைக் கடப்பதாகக் கணக்கிட்டது. எடையில் 80 டன் வரை. பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே பிரனீஸ் மலையில் உள்ள புஹாருவேலோ கணவாயில், பறவையியல் அறிஞர் டேவிட் லேக்கும் அவர் மனைவி எலிசபெத்தும் 1950இல் இந்த ஈக்களின் ஓட்டத்தை முதலில் கண்டு எழுதினார்கள். எழுபது ஆண்டுகள் கழித்து அதே இடத்துக்குச் சென்ற எக்சிடர் பல்கலைக்கழகக் குழு, 30 மீட்டர் அகலமே உள்ள அந்த இடைவெளி வழியாக ஆண்டுக்கு 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட பூச்சிகள் போவதாக 2024இல் எழுதியது. அவற்றில் பத்தில் ஒன்பது ஈ வகைகள். என் கொத்தமல்லிப் பூவில் முன்னங்கால் தேய்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு சென்டிமீட்டர் உயிர், செப்டம்பரில் ஏதோ ஒரு வடகாற்றில் ஏறி ஆங்கிலக் கால்வாயைத் தாண்டியிருக்கலாம் என்று நினைக்கும்போது மனம் நெகிழ்கிறது. வழியில் உணவு கொடுக்கும் சத்திரமாக என் பாத்தி இருந்தது என்று கொண்டால், 4 பவுண்டு 50 பென்ஸ் வீணானதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் வாங்குபவர்களிடம் அதைச் சத்திரம் என்றே சொல்லி விற்க வேண்டும், வேலையாள் அனுப்பும் நிலையமாகச் சொல்லி விற்கக் கூடாது.

விலையைப் பற்றி நேர்மையாகச் சொல்வதானால், இந்தக் கலவையை இதைவிடக் குறைந்த செலவில் நாமே சேர்த்துக்கொள்ளலாம். ஃபசீலியா விதை பசுந்தாள் உரப் பயிருக்காக மூட்டையில் விற்கிறது. கிராம் கணக்கில் பார்த்தால் பொட்டலத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு மலிவு. கொத்தமல்லிக்கு விதைக்கடையே வேண்டாம். சமையலறை டப்பாவில் உள்ள முழு மல்லியை இரண்டாக உடைத்து விதைத்ததில், பொட்டலத்து மல்லிக்கு இணையாக எனக்கு முளைத்தது. சாமந்தியும் கார்ன்ஃப்ளவரும் முதல் ஆண்டு வாங்கினால் போதும், பிறகு தாமே விதை உதிர்த்துக்கொள்ளும். புதிதாகத் தோட்டம் தொடங்குபவருக்கும், ஒரே ஒரு சிறு பாத்தி வைத்திருப்பவருக்கும், தனித்தனியாக வாங்கிக் கலக்கும் அலைச்சல் இல்லாமல் இந்தப் பொட்டலம் பயன்படும். ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுக்கலாம்; விதைத் தேர்வுக்காக மட்டும் என்றால் நான்கரை. படத்தையும் விதைக்கும் காலத்தையும் திருத்தினால், தயங்காமல் எல்லோருக்கும் பரிந்துரைப்பேன்.

முதல் பொட்டலத்தில் மூன்றில் ஒரு பங்கு விதையை மிச்சம் வைத்திருந்தேன். பக்வீட்டைப் பொறுக்கி நீக்கிவிட்டு, மீதியைச் செப்டம்பர் 14 அன்று பீன்ஸ் பாத்தியை ஒட்டி இரண்டு வரிசையாகத் தூவினேன். ஃபசீலியாவில் பாதி ஜனவரிப் பனியில் கருகிப் போயிற்று. கார்ன்ஃப்ளவர் ஒன்றுகூடச் சாகவில்லை. தப்பிய ஃபசீலியா மே 4 அன்று நீலச் சுருளை அவிழ்த்தது. அடுத்த வெயில் நாளிலேயே கறுத்த நிறமுள்ள பெண் ஈக்கள் இரண்டு அதில் இருந்தன. நேற்று மாலை, பிராட் பீன்ஸ் கொழுந்தொன்றை விரலால் விலக்கிப் பார்த்தேன். கறுப்பு அசுவினிகள் பதினொன்று, பக்கத்திலேயே படுத்தாற்போல் ஒரு வெள்ளைக் குருணை. கொழுந்தைப் பழையபடி மூடிவிட்டு வந்தேன்.